இரண்டு சீட்டுகளுக்கு நடுவே

1

போன சனிக்கிழமை கராஜைச் சுத்தம் செய்தோம். ஆக்லாந்தில் குளிர்காலம் முடிந்தால் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பழைய சைக்கிள், உடைந்த குடை, எதற்கென்று தெரியாத மரச்சட்டங்கள் எல்லாம் போய், கடைசியில் மூலையில் மிச்சம் இருந்தவை குழந்தைகளுக்கான கார் சீட்டுகள் இரண்டு. இங்கே அவற்றுக்கும் மருந்து பாட்டில் மாதிரி காலாவதித் தேதி உண்டு, அடிப்பக்கம் அச்சடித்திருக்கும். தேதி தாண்டிவிட்டால் யாருக்கும் கொடுக்கக் கூடாது. தெருவில் வைத்தால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று பட்டைகளை வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும். என் கணவர் ரவி கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்தார்.

மகள் நித்யா வந்து நின்று பார்த்தாள். "வொய் ஆர் யூ கில்லிங் இட்?" என்றாள். நான் தமிழில் பதில் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் அடுத்த கேள்வி கேட்டாள். எங்கள் வீட்டில் பேச்சு பல வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

"டில்லிக்கு இதைத் தூக்கிக்கிட்டுப் போனோமே, ஞாபகம் இருக்கா?"

"நோ," என்றாள். தம்பி அருணுக்கு ஞாபகம் இருக்க வழியே இல்லை. அவன் அப்போது சரியாக நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை.

பட்டை லேசில் வெட்டுப்படவில்லை. வெட்ட வெட்ட எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த இரண்டு பிளாஸ்டிக் சாமான்களுக்காக நான் கப்பல் துறையில் சண்டை போட்டேன், விமான நிலையத்தில் சண்டை போட்டேன், பிறந்த வீட்டிலும் போட்டேன். ஊரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

2

அருண் பிறந்தபோது, கார் சீட் இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களை வெளியே விடவில்லை. நர்ஸ் கூடவே கார் வரைக்கும் வந்தாள். சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பட்டைக்கும் குழந்தையின் தோளுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். "மடியில் வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று உங்கள் ஊர்க்காரர்கள் நிறைய பேர் நினைக்கிறார்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. நானே அப்படி மடியில் வளர்ந்தவள்தான்.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. பால் வாங்கப் போனாலும் கிளிக், கிளிக் என்று இரண்டு சத்தம் கேட்டால்தான் ரவி சாவியைத் திருப்புவார். "கட்டு அம்மா, கட்டு" என்று நித்யாவே சொல்வாள். அவளுக்குச் சரியாகத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று.

டில்லியில் என் தம்பி குமாருக்கு நிச்சயதார்த்தம் என்று அம்மா போன் செய்தாள். போகிற வழியில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் மூன்று நாள் சுற்றிவிட்டுப் போகலாம் என்று ரவி திட்டம் போட்டார். அப்போதெல்லாம் கப்பல் பயணம் ரொம்பப் பேச்சு. கப்பலுக்குள் காரா ஓடப்போகிறது, அங்கே கவலையே இல்லை என்று நானும் நினைத்தேன்.

கவலை பினாங்கில் இறங்கியதும் ஆரம்பித்தது. கரையில் ஊர் சுற்றிக் காட்டும் வேனுக்குக் கப்பலிலேயே டிக்கெட் எடுத்திருந்தோம். இரண்டு குழந்தைகள், அவர்களுக்கு ஏற்ற இருக்கை வேண்டும் என்று கவுன்டரில் தனியாகக் கேட்டேன். "நிச்சயமாக, மேடம்." மறுநாள் காலை வந்து நின்ற வேனில் எங்கள் குழந்தைகளுக்கு இருக்கையும் இல்லை, யாருக்கும் பெல்ட்டும் இல்லை. கூட வந்த பெண்ணிடம் கேட்டால் சிரித்தாள். "நிச்சயமாக இருக்கை இருக்கிறது மேடம், இதோ" என்று வேனின் வெறும் பெஞ்சைத் தட்டிக் காட்டினாள். இருக்கை என்று கேட்டேன், இருக்கை கொடுத்துவிட்டார்கள்.

"மெதுவாத்தான் ஓட்டுவாங்க, ஏறு செல்வி" என்றார் ரவி.

"மெதுவா ஓட்டுறேன்னு எதுத்தாப்ல வர்ற லாரிக்காரன் சொன்னானா?"

மற்ற பயணிகள் வேனுக்குள்ளிருந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் ஏறவில்லை. வேன் போய்விட்டது. ரவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கப்பலுக்குள் போய், எங்கள் சீட்டுகளைத் தோளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அதன்பின் டாக்ஸி டாக்ஸியாகக் கதவைத் திறந்து பின்சீட்டில் பெல்ட் தேடினோம். கடைசியில் ஒரு தமிழ் டிரைவர், தலை நரைத்தவர், சீட்டுக்கு அடியில் கையை விட்டு, புழுதி படிந்த பெல்ட்டை இழுத்து எடுத்தார். "வாங்கி இத்தன வருஷத்துல இத எடுத்ததே இல்லம்மா" என்று தன் சட்டையிலேயே அதைத் துடைத்தார்.

பினாங்கில் நாங்கள் பார்த்தது ஒரே ஒரு கோயில். அதையும் குழந்தைகள் தூங்கிக்கொண்டே பார்த்தார்கள்.

3

டில்லியில் இறங்கியதும் இன்னொன்று.

பெட்டிகளோடு சீட்டுகளும் வந்தன. வெளியே போகிற வழியில் ஓர் அதிகாரி நிறுத்தினார். "யே க்யா ஹை?" இது என்ன என்று.

இருபது வருஷம் டில்லியில் வளர்ந்தவள் நான். ஆட்டோக்காரர்களிடம் இந்தியில் சண்டை போட்டே காலேஜ் முடித்தவள். அந்த நேரத்தில் வாயில் சொல் வரவில்லை. "பச்சோங் கி குர்சி" என்று சொல்லிவிட்டேன். குழந்தைகளின் நாற்காலி.

"குர்சி? அப்படியானால் ஃபர்னிச்சர். எவ்வளவு விலை?"

கார், பெல்ட், விபத்து என்று எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் கொட்டினேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வந்து சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது மருத்துவச் சாமானா, குழந்தைக்கு ஏதாவது குறையா என்று பரிதாபமாகக் கேட்டார். குறை ஒன்றும் இல்லை என்றதும் பரிதாபம் போய் மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. அருண் அழ ஆரம்பித்தான். கடைசியில் அந்த அழுகைதான் எங்களை வெளியே விட்டது. நான் சொன்ன காரணம் எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை.

அப்பாவுக்கு இன்னும் சில மாத சர்வீஸ் பாக்கி இருந்ததால் வீடு ஆர்.கே.புரம் அரசாங்க குவார்ட்டர்ஸில்தான். மூன்றாவது மாடி. சீட்டுகளைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறியபோது ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. கூடத்தில் இறக்கி வைத்ததும் அப்பா சுற்றிவந்து பார்த்தார்.

"எம்மா, என்னது இது? ரெண்டு சிம்மாசனம்லா கொண்டுவந்திருக்க!"

எல்லோரும் சிரித்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாமா அதில் உட்கார முடியுமா என்று பார்த்தார். முதல் நாள் நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் அப்பா நித்யாவை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு மலை மந்திர் முருகன் கோயில் வரை போய்வரப் புறப்பட்டபோது சிரிப்பு போய்விட்டது.

"அப்பா, வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? நீ நின்ன எடம்தான அது? ஹேண்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல காத்தடிக்க, பாட்டுல்லா பாடிட்டு வருவ. முன்னால நீ, பின்னால ஒங்க அம்மா, அவ மடியில குமாரு. கரோல் பாக் வரைக்கும் போயிட்டு வருவோம். ஒனக்கு ஒரு கீறல் விழுந்துச்சா?"

விழவில்லை. அதுதான் பெரிய சிக்கல். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை எதை வைத்து மறுப்பது? அந்தக் காற்று எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. சப்தர்ஜங் பக்கம் திரும்பும்போது அப்பாவின் சட்டைப் பித்தான் என் பின்மண்டையில் உரசும். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்திலேயே இல்லை என்று நினைத்திருந்தேன்.

நித்யாதான் முடித்து வைத்தாள். "தாத்தா, கட்டு எங்க? போலீஸ் வில் கம்," என்றாள்.

"இங்க போலீசே கட்டமாட்டாம்மா" என்றார் அப்பா. ஆனால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து போனார். அன்று முழுதும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

4

நிச்சயதார்த்தம் நொய்டாவில், பெண் வீட்டார் எடுத்திருந்த ஒரு சின்ன ஹாலில். ராகுகாலத்துக்கு முன்னால் தாம்பூலம் மாற்றிவிட வேண்டும் என்று பேச்சு. ரவி பழத்தட்டுகளோடு குமாரின் நண்பர் காரில் முன்னாலேயே போய்விட்டார். மற்றவர்களுக்கு டாக்ஸி ஸ்டாண்டில் பெரிய வண்டி ஒன்று சொல்லியிருந்தார்கள். அப்பா, அம்மா, மாப்பிள்ளை குமார், சித்தப்பா, சித்தி, மாமா, நான், இரண்டு குழந்தைகள். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர், நடுவில் மூன்று பேர், பின்னால் எதிரெதிராக நாலு பேர். குழந்தைகள் மடியில் என்றால் தாராளமாகப் போதும்.

நான் இரண்டு சீட்டுகளையும் கீழே இறக்கிக்கொண்டு வந்தேன்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள்..." என்றான் குமார். பட்டு வேட்டியில் நின்றிருந்தான். "பிளீஸ்க்கா. ஜல்தி போணும்."

"ரிங் ரோட்டுலதான போறோம்? நீயே சொல்லு, அங்க எப்படி ஓட்டுதாங்கன்னு."

நடு சீட்டில் பெல்ட் இருக்கிறதா என்று டிரைவரைக் கேட்டேன். "மேடம்ஜி, பீச்சே கோயி நஹீ லகாதா" என்றான், பின்னால் யாரும் போடுவதில்லை என்று. இருக்கிறதா இல்லையா என்று மறுபடி கேட்டதற்கு, இருக்கிறது, கவருக்குக் கீழே என்றான். புது சீட் கவர், சிவப்பு நிறம், பெல்ட்டுகளை உள்ளே வைத்து நான்கு புறமும் தைத்திருந்தார்கள். குமார் மேலே ஓடிப்போய் பிளேடு கொண்டுவந்து தையலைப் பிரித்தான். கவர் போச்சு என்று டிரைவர் சத்தம் போட, தைத்துத் தருகிறோம் என்று குமார் பதிலுக்குச் சத்தம் போட, பால்கனிகளில் எல்லாம் தலைகள் தெரிந்தன. பட்டு வேட்டி மாப்பிள்ளை காலையில் பிளேடோடு டாக்ஸிக்குள் குனிந்து நிற்பதை ஆர்.கே.புரம் அதற்கு முன்பு பார்த்திருக்காது.

ஓரங்களில் இரண்டு பெல்ட் கிடைத்தன. இரண்டு சீட்டுகளையும் இறுக்கிக் கட்டினேன். நடுவில் மெலிந்த ஆள் ஒருவர் ஒடுங்கி உட்காருகிற அளவுக்கு இடம் மிச்சம். சித்தி அதில் போய் உட்கார்ந்துகொண்டாள். முன்னால் அப்பா. பின்னால் சித்தப்பா, மாமா, குமார், நான். எல்லோரும் ஏறியாகிவிட்டது.

அம்மா வெளியே நின்றாள்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, ஓர் இடம் குறைகிறது. பின்னால் ஐந்தாவது ஆளாக நெருக்கி உட்காரலாம் என்று அவள் ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். மாமாவும் சித்தப்பாவும் கனத்த ஆட்கள். இடமே இல்லை.

"ஸ்டாண்டுல இன்னொரு வண்டி கேட்டா என்ன?" என்றேன்.

"முகூர்த்த நாளு, அங்க ஏது வண்டி?" என்றார் அப்பா, திரும்பாமலே. "ஒரு பிள்ளைய மடியில வச்சா முடிஞ்சு போச்சு. ஒரே ஒரு பிள்ளைய."

எந்தப் பிள்ளையை என்று நான் கேட்டேன். நித்யாவையா, அருணையா? டிரைவர் இன்ஜினை ஓடவிட்டிருந்தான்.

"நான் ஆட்டோவுல வாரேன், நீங்க போங்க" என்றாள் அம்மா. காலைக் கீழே எடுத்து வைத்துவிட்டாள். "பின்னாலயே வந்துருவேன். நேரமாச்சு, போங்க."

கதவைச் சாத்தியதும் அவள்தான்.

5

டில்லி ஆட்டோக்காரர்கள் அந்தக் காலத்தில் எல்லை தாண்ட மாட்டார்கள். நொய்டா உத்தரப்பிரதேசம். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வண்டி ஆஷ்ரம் சந்திப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குமார் சொன்னான்: "அக்கா, ஆட்டோ அந்தப் பக்கம் வரமாட்டான்லா." அம்மாவிடம் மொபைல் கிடையாது.

திரும்பினால் ராகுகாலம் வந்துவிடும் என்றார் அப்பா. அவள் விவரமானவள், பார்த்துக்கொள்வாள் என்றார் சித்தப்பா. முப்பது வருஷம் டில்லியில் இருந்தவளுக்கு வழி தெரியாதா என்றார் மாமா. எல்லாம் உண்மைதான். எனக்கு முன்னால் இரண்டு சீட்டுகளில் என் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வழியில் விபத்துக்குப் பேர்போன புளூலைன் பஸ் ஒன்று குறுக்கே வந்து டிரைவர் பிரேக்கை மிதித்தான். நாங்கள் பெரியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தோம். குழந்தைகளின் தலை லேசாக ஆடி நின்றது, அவ்வளவுதான். பார்த்தீர்களா என்று சொல்ல வாயைத் திறந்தேன். திரும்பிப் பார்த்த சித்தியின் முகத்தைக் கண்டு மூடிக்கொண்டேன்.

ஹாலில் காத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். மாப்பிள்ளையின் அம்மா எங்கே என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்து கேட்டார்கள். வண்டியில் இடம் இல்லை என்றேன். அதைக் கேட்டதும் ஒவ்வொருவர் முகமும் மாறியதைப் பார்த்தேன். சீட் கதையை அவர்களிடம் எப்படிச் சொல்வது? இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஓ, அச்சா" என்றார்கள்.

ரவி எல்லைப் பக்கம் தேடிப் போனார். ராகுகாலம் நெருங்கியது. கடைசியில் அப்பா நடத்தலாம் என்று தலையை ஆட்டினார். சித்தி அம்மாவின் இடத்தில் நின்று தாம்பூலத் தட்டை வாங்கினாள். குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா வந்தபோது இலை போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரன் எல்லையில் இறக்கிவிட்டிருக்கிறான். கொஞ்சம் நடந்து, ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து, ஹாலின் பெயரை விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். ரவி வேறு பாதையில் தேடியிருக்கிறார். பட்டுச் சேலையின் ஓரம் முழுக்கப் புழுதி. தலையில் வைத்த பூ வாடியிருந்தது. உள்ளே நுழைந்து, பந்தியைப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். நேராகப் பெண்ணிடம் போய்க் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தாள். பெண்ணின் அம்மாவிடம் சிரித்துப் பேசினாள். எங்கள் யார் பக்கமும் திரும்பவில்லை.

திரும்பும்போது குமார் நண்பரின் காரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். போகும் முன் என்னிடம் வந்து, "திருப்தியாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

6

மறுநாள் காலை அம்மா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

"எம்மேல கோவமாம்மா?"

"இல்லாம?" என்றாள். அருணின் குட்டிச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "கோவம்தான்."

"அதுக்காக நான் பிள்ளைகளை..."

"நான் அதச் சொல்லல. பிள்ளைகளுக்குன்னா நான் எங்கயும் எறங்குவேன். அதுல எனக்கு என்ன சங்கடம்?" கிளிப்பை வாயிலிருந்து எடுத்துக் குத்தினாள். "வண்டிக்குள்ள இத்தன பேரு இருந்தீங்க. ஒங்க அப்பா இருந்தாரு. எங்கூடப் பொறந்தவன் இருந்தான். சித்தப்பா இருந்தாரு. 'நீ மாப்பிள்ளைக்கு அம்மா, நீ ஏறு, நான் ஆட்டோவுல வாரேன்'னு ஒரு வாயி சொல்லணும்லா? ஒருத்தராவது எறங்குத மாதிரி அசைஞ்சீங்களா?"

நான் பக்கெட்டில் குனிந்து ஒரு துணியைப் பிழிந்தேன்.

"ஒனக்கும் தோணலயேட்டி" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த துணிக்குக் கையை நீட்டினாள்.

அன்று முழுதும் எனக்கு யார் மீது கோபம் என்று தெரியாத கோபமாக இருந்தது. பெல்ட்டை உள்ளே வைத்துத் தைத்தவன் மீதா, எல்லை தாண்டாத ஆட்டோ மீதா, திரும்பிக்கூடப் பார்க்காத அப்பா மீதா? என் குழந்தைகளைக் கட்டியது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. மறுபடி அதே காலை வந்தாலும் கட்டத்தான் செய்வேன். ஆனால் அந்த வண்டியில் யார் இறங்குவது என்று வந்ததும், கேட்காமலே எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. ஊரை விட்டு இத்தனை தூரம் போய், புதுச் சட்டமெல்லாம் கற்றுக்கொண்டு வந்த எனக்கும் அந்தப் பதில்தான் தெரிந்திருந்தது.

நாங்கள் கிளம்பிய மாலை அதே டிரைவர் வந்தான். சீட் கவரில் பெல்ட்டுகள் வெளியே வர வழி வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்திருந்தான். பெட்டிகள் மேலே கேரியரில். நான் குழந்தைகளை இரண்டு ஓரத்திலும் வைத்துக் கட்டி முடித்து நிமிர்வதற்குள், அம்மா ஏறி நடுவில் இருந்த அந்தச் சின்ன இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எதுக்கு? எடம் பத்தாது, வீட்டுல இரேன்" என்றார் அப்பா.

"பத்தலைன்னா நீங்க ஆட்டோவுல வாங்க."

அப்பா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பின்னால் வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். குமார் வாயைப் பொத்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். ரவி முன்னால் ஏறிக்கொண்டார்.

வண்டி ரிங் ரோட்டில் ஏறியபோதுதான் கவனித்தேன். நடுவில் உட்கார்ந்தவருக்குப் பெல்ட் இல்லை.

"பையா, நடுவில் பெல்ட்?" என்று இந்தியில் கேட்டேன்.

"பீச் மேங் நஹீ ஹோதா, மேடம்ஜி." நடுவில் இருக்காதாம்.

"எனக்கு எதுக்குட்டி? நாந்தான் புடிச்சிருக்கேம்லா" என்றாள் அம்மா. இரண்டு கைகளையும் விரித்து, இரண்டு சீட்டின் விளிம்பையும் பிடித்திருந்தாள். குழந்தைகளைத் தான் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைப்பு அவளுக்கு. டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அந்த விரல்கள் இறுகின. நான் பின்னாலிருந்து கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்துக்கு இப்படி அமுக்குத?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

விமான நிலையம் வரும் வரை கையை எடுக்கவில்லை.